தாலாட்டும் தாத்தாவின் பேஞ்சோவும்

மூணு வாரமா எங்க வீட்டுல ராத்திரியானா 'டொய்ங் டொய்ங்'தான். புக்கிட் செலம்பாவ் அக்கம்பக்கத்தார் மன்னிக்கணும். தாத்தாவோட பழைய பேஞ்சோவுக்குக் கம்பி மாத்தி, அம்மாச்சி பாடுன தாலாட்டைப் பழகிக்கிட்டு இருக்கேன்.

நம்மாளுங்க பேஞ்சோன்னு சொல்றது அமெரிக்காக்காரங்க தோள்ல மாட்டுறது இல்லீங்க, புல்புல்தாரா. 1912ல ஜப்பான் நகோயாவுல பிறந்த தைஷோகோத்தோதான் இதுக்கு மூலம். டைப்ரைட்டர் மாதிரி கட்டைகள். இடது கை அமுக்கணும், வலது கை மீட்டணும்.

சினிமாப் பாட்டு ரெண்டே நாள்ல வந்துருச்சு. தாலாட்டுதான் அடங்கல. அம்மாச்சி தோட்டத்து ஆயாக் கொட்டகையில புள்ளைங்களைப் பார்த்துக்கிட்டவங்க. பால்மரம் வெட்டப் போன தாய்மாருங்க திரும்புற வரைக்கும் தொட்டில் ஆடணும். அவங்க பாட்டுக்குத் தொட்டில் கயிறுதான் தாளம். குரல் சுரத்துக்குச் சுரம் வழுக்கிக்கிட்டே போகும். என் கட்டையோ 'டக் டக்'னு படி ஏறும்.

நேத்துதான் சூட்சுமம் புடிபட்டுச்சு: ஒரே மீட்டு; கம்பி அதிர்வு அடங்குறதுக்குள்ள அடுத்த கட்டை.

அம்மா அடுப்படியில இருந்து எட்டிப் பார்த்து, "இழுப்பு பத்தல, தம்பி"ன்னாங்க. அப்படியே கரண்டியோட நின்னு பாடியும் காட்டினாங்க. வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அவங்க பாடி நான் கேட்டதே இல்ல.