பிழைத்தவரின் நெஞ்சம்

புற்றை வென்று மீண்ட பெண்ணைப் பார்த்து, "பிழைத்துவிட்டாயே, இனி என்ன கவலை?" என்று கேட்டுவிட்டு எழுந்து வருவது நம்மவர் வழக்கம். மார்பைத்தான் மருத்துவர் பார்த்துவிட்டாரே! அதனுள்ளே துடிக்கும் இதயத்தைப் பார்ப்பவர் யார்?

காயல்பட்டினத்திலே ஆசிரியப் பணி ஏற்ற நாள்முதல் இக்கேள்வி நம்மை விட்டபாடில்லை. பழந்துறைமுகம் இது, முத்தெடுத்த கடற்கரை. மணமானபின் மாப்பிள்ளைதான் பெண்வீடு வருகிறார். மருமகள் மாமியார் வீட்டில் கண்ணீர் வடிக்கும் ஊர்களைக் கண்டவர்க்கு இது மகிழ்வூட்டும் காட்சி! ஆயினும், பெண்கள் நடமாடவென்றே தனி முடுக்குகள் கொண்ட இவ்வூரில், பெண்ணின் நோய் மட்டும் வாசற்படி தாண்டுவதில்லை. காயல் மட்டுமா? தமிழகமே அப்படித்தான்.

நம் தெருவில் ஒரு ராத்தா. சென்னையில் மருத்துவம் பெற்று மீண்டார். உறவினர் வீட்டில் தங்கியிருந்தார் என்பதே ஊருக்குச் சொல்லப்பட்ட சேதி. வீட்டிலே மணமாகாத மகள்! "நோவைவிட, ஆருக்காச்சும் தெரிஞ்சிடுமோங்கிற பயந்தான் என் தூக்கத்தைக் கெடுத்திச்சு, டீச்சர்" என்றார் நம்மிடம்.

அச்சம் வந்தால் உடலில் அட்ரினலினும் கார்ட்டிசோலும் சுரக்கின்றன, நாடி விரைகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஒரு நாழிகை அச்சம் ஓடி மறையும். ஆண்டுக்கணக்கில் அடக்கிவைத்த அச்சமோ இரத்தக் குழாய்களைக் கெடுக்கும். புற்றைக் கொல்லும் மருந்துகளும் இதயத்தைச் சும்மா விடுவதில்லை. டாக்சோரூபிசின் எனும் செந்நிற மருந்து, மொத்த அளவு கூடக் கூட இதயத் தசையைத் தளர்த்த வல்லது. டிராஸ்டுசுமாப் சிலருக்கு இதயத்தின் இறைக்கும் ஆற்றலைக் குறைக்கிறது. நிறுத்தினால் பெரும்பாலும் மீள்கிறது. இடப்பக்கத்துக் கதிர்வீச்சின் விளைவு பல்லாண்டு கழித்தும் தலைகாட்டலாம். ஆகவே மருந்தை மறுப்பதா? மடமை! உயிரைக் காத்தது அதுவே. காத்த உயிரைக் கண்காணிக்க வேண்டும் என்கிறோம். 2018 இல் அமெரிக்க இதயச் சங்கம் தனி அறிக்கையே வெளியிட்டு இதனை வற்புறுத்தியது.

அந்த அமெரிக்காவிலே கறுப்பினப் பெண்கள் நிலை என்ன? மார்பகப் புற்று வெள்ளையரைவிட அவர்களுக்குச் சற்றுக் குறைவாகவே வருகிறது. இறப்போ ஏறத்தாழ 40 விழுக்காடு மிகுதி! உயர் இரத்த அழுத்தமும் அவர்களிடமே மிகுதி. காலந்தாழ்ந்த மருத்துவம் ஒரு காரணம். வெயிலும் மழையும் பாறையைத் தேய்ப்பதுபோல், நாள்தோறும் படும் இழிவு உடலைத் தேய்த்து முன்கூட்டியே முதுமையாக்குகிறது என்று 1992 இல் எடுத்துரைத்தார் ஆர்லின் ஜெரோனிமஸ். பிறப்பால் இழிவு என்பதன் பொருளை நமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1978 இல் ஒரு மார்பை இழந்தார். பொய்மார்பு வைத்து மறைக்க மறுத்தார். 1980 இல் தம் நோய்க் குறிப்புகளை நூலாகவே வெளியிட்டார்.

நம்மிடமும் ஒருவர் இருந்தார். 1923 இல் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி அம்மையார், வீட்டுத் துயரை வீட்டுக்குள் புதைக்கவில்லை. 1954 இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையமாக அதனை எழுப்பினார்.

"மனத்தை அமைதியாக வைத்துக்கொள்" என்று புத்தி புகட்டுவோர் பலர். அடுப்படியும் அச்சமும் தலைமேல் இருக்க, அமைதி எங்கிருந்து வரும்? யோகமும் மூச்சுப் பயிற்சியும் சோர்வையும் பதற்றத்தையும் தணிப்பதாய் ஆய்வுகள் கூறுகின்றன. பயிற்சியாகக் கொள்க, மந்திரமாக அல்ல. வாரத்துக்கு 150 நிமிட விரைநடை, உப்பில் கட்டுப்பாடு, முறையாக இரத்த அழுத்தம் பார்த்தல், மருத்துவர் சொன்னால் எக்கோ சோதனை: இவை எல்லாருக்கும் எட்டுபவை. உப்பளங்கள் சூழ்ந்த நாட்டில், கருவாட்டுக் குழம்பின் முன் உப்பைப் பற்றிப் பேசுவது எளிதன்று என்பது நாம் அறிந்ததே!

பெண் பார்க்கப் போகும் தோழர்களுக்கு ஒரு கணக்கு. மார்பகப் புற்றில் மரபுவழி வருவது நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான். தாய்க்கு வந்தது என்று மகளைத் தள்ளுகிறீரே, எந்தப் பாடநூலில் படித்தீர்?

வரும் ஞாயிறு மாலை நம் படிப்பகத்தில் இரத்த அழுத்தம் பார்க்கச் செவிலியர் ஒருவர் அமர்கிறார். தாய்மார் முடுக்கு வழியே வரலாம். பெயர் கேட்கப்படாது.