இருபது வருசத்துக்குப் பிறகும் என்ன பாடம்?

இரவு வேலை முடிந்து காலை எட்டு மணிக்கு வீடு திரும்பும் என் அக்கா, குளித்துவிட்டு இரண்டு தோசையைச் சாப்பிட்டுத் தூங்கப் போக வேண்டியவர். மாதத்தில் ஒன்றிரண்டு நாள் அப்படிப் போவதில்லை. சாப்பாட்டு மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொள்வார். காசநோய், டிங்கி, மருந்துக்கு அடங்காத கிருமிகள் என்று ஏதாவது ஒரு பாடம் ஓடிக்கொண்டிருக்கும். அக்கா அரசாங்க மருத்துவமனை ஒன்றில் தாதி. வயது 42.

அம்மாவுக்கு இது பொறுக்காது. "இருபது வருசமா ஊசி போடுறவளுக்கு இன்னும் என்ன பாடம்? போய்ப் படு" என்பார்.

"கிருமி மாறிக்கிட்டே இருக்கும்மா. நான் மட்டும் 2004ல படிச்சதையே வச்சுக்கிட்டு இருந்தா எப்படி?" என்பது அக்காவின் பதில்.

மருத்துவத் துறையில் இதைத் தொடர்கல்வி என்கிறார்கள். அக்கா பேச்சில் அது "சிபிடி புள்ளி". மலேசியாவில் ஒரு மருத்துவர் தம் ஆண்டுச் சான்றிதழைப் புதுப்பிக்கக் குறைந்தது 20 புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். தாதியருக்குத் தனிக் கணக்கு உண்டு. சிங்கப்பூரில் 2003ஆம் ஆண்டிலிருந்து மருத்துவர்களுக்கு இது கட்டாயம். கருத்தரங்கு, இணையவழிப் பாடம், மருத்துவமனைக்குள் நடக்கும் கலந்துரையாடல் என எல்லாவற்றுக்கும் புள்ளி கிடைக்கும். புள்ளிக்காக மட்டும் வந்து பின்வரிசையில் தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள் என்று அக்காவே சொல்லிச் சிரிப்பார்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஏதோ அலுவலகச் சடங்கு போலத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியாததற்கு நான் வளர்ந்த இடம்தான் காரணம்.

நான் வளர்ந்தது போர்ட்டிக்சன் பக்கம், லுக்குட்டில். அதே மாவட்டத்தில்தான் புக்கிட் பெலாண்டோக் இருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டிய மலேசியர்கள் அந்தப் பெயரை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள்.

1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் கடும் காய்ச்சலும் தலைவலியும் வந்தன. சிலருக்கு நினைவு தப்பியது. மூளைக் காய்ச்சல் என்று தெரிந்தது. மூளைக் காய்ச்சலும் பன்றிப் பண்ணையும் சேர்ந்து வந்தால், அன்றைய மருத்துவருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜப்பானிய மூளைக் காய்ச்சல். சுருக்கமாக ஜேஇ. அது கொசு பரப்பும் நோய். பன்றியின் உடலில் கிருமி பெருகும். பன்றியைக் கடித்த கொசு மனிதரைக் கடிக்கும். பாடப்புத்தகம் அப்படித்தான் சொன்னது. தொடக்கத்தில் சில நோயாளிகளின் இரத்தப் பரிசோதனையும் அதையே காட்டியது. எனவே ஜேஇ நோய்க்குச் செய்ய வேண்டியதெல்லாம் செய்தார்கள். கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள்.

நோய் நிற்கவில்லை. ஈப்போ பக்கத்துப் பன்றிகள் தெற்கே விற்கப்பட்டபோது அதுவும் லாரியேறி நெகிரி செம்பிலானுக்கு வந்து சேர்ந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சாயங்காலம் புகை அடிக்க வருவார்கள். அம்மா அவசர அவசரமாகச் சட்டிகளை மூடிவிட்டு எங்களை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார். பள்ளியிலும் கடையிலும் பேச்செல்லாம் கொசுவைப் பற்றித்தான்.

எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டில் ஓர் அண்ணன் இருந்தார். குடும்பம் இன்னும் அங்கேயே இருப்பதால் பெயர் வேண்டாம். பண்ணையில் தீவனம் போடுவதும், கொட்டகை கழுவுவதும், பன்றிகளை லாரியில் ஏற்றிவிடுவதும் அவர் வேலை. அவர் தடுப்பூசி போட்டுக்கொண்டார். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். வீட்டில் இரவு முழுவதும் கொசுவத்தி எரிந்தது. ஆனால் இருமிக்கொண்டிருந்த பன்றிகளை வெறுங்கையால் பிடித்துத்தான் ஏற்றினார். பன்றியிடமிருந்தே நேராக வரும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு அப்போது யாருக்கும் தெரியாது. 1999 மார்ச்சில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்தில் போய்விட்டார். அவர் மகள் என் பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தாள்.

இன்று திரும்பிப் பார்த்தால் தடயங்கள் கண்ணில் படுகின்றன. ஜேஇ பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் வேலைக்குப் போகும் ஆண்கள். கொசு வீடு பார்த்துக் கடிப்பதில்லை. ஆனால் பண்ணைக்குப் பக்கத்திலேயே இருந்தும் பன்றியைத் தொடாதவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை. தடுப்பூசி போட்டவர்களும் நோயில் விழுந்தார்கள். பன்றிகளே மூச்சுத் திணறி இருமின. ஜேஇ பன்றிகளை அப்படிச் செய்வதில்லை.

முடிச்சை அவிழ்த்தவர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவர் சுவா காவ் பிங். சுங்கை நிப்பா கிராமத்து நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த மாதிரியில் அவர் ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார். அது ஜேஇ வைரஸ் போல நடந்துகொள்ளவில்லை. 1999 மார்ச்சில் மாதிரிகளை எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்கே போனார். உலகம் அதுவரை பார்த்திராத புதிய வைரஸ் என்று அங்கே உறுதியானது. அந்தக் கிராமத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது: நிப்பா. பழந்தின்னி வௌவால்கள்தான் அதன் இருப்பிடம் என்பது பிறகு தெரியவந்தது. பண்ணையை ஒட்டி நின்ற பழ மரங்களில் அவை கடித்துப் போட்ட பழம் கொட்டகைக்குள் விழுந்து, பன்றி வழியாக மனிதருக்கு வந்திருக்கிறது.

உண்மை தெரிந்த பிறகு நடவடிக்கை முழுவதும் மாறியது. இராணுவம் இறங்கியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. நோய் அடங்கியது. அதற்குள் மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்திருந்தார்கள். பெரும்பாலோர் சீனர்கள், பண்ணைகளில் கூலிக்கு நின்ற நம்மவர்களும் அவர்களில் உண்டு. மலேசியப் பன்றிகளை இறக்குமதி செய்த சிங்கப்பூரில் இறைச்சிக் கூடத்துத் தொழிலாளர்கள் 11 பேருக்கு நோய் கண்டது. ஒருவர் இறந்தார்.

அன்றைய மருத்துவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர்கள் படித்ததைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருந்தார்கள். வந்த நோய்தான் புத்தகத்தில் இல்லை. பட்டம் வாங்கிய நாளோடு படிப்பு முடிந்துவிட்டால், புதிதாக வருவதற்கும் பழைய பெயரைத்தான் வைக்க முடியும். அந்தப் பெயரை நம்பி ஒருவர் கொசுவத்தி கொளுத்தி வைத்துவிட்டுப் பன்றியைத் தூக்குவார்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோட்டில் ஒருவர் காய்ச்சலில் இறந்தார். என்ன நோய் என்றே தெரியவில்லை. சில நாளில் அதே குடும்பத்தில் இன்னொருவர் அதே அறிகுறிகளோடு ஒரு தனியார் மருத்துவமனைக்கு வந்தார். கேரளத்தில் அதற்கு முன் நிப்பா வந்ததே இல்லை. ஆனாலும் அங்கிருந்த மருத்துவர்கள் சந்தேகப்பட்டு மாதிரியைச் சோதனைக்கு அனுப்பினார்கள். சீக்கிரமே உறுதியானது. நம் நெகிரி செம்பிலானில் மாதக்கணக்கில் தெரியாமல் கிடந்தது அங்கே இரண்டாவது நோயாளியிடமே பிடிபட்டது. தாங்கள் கண்ணால் பார்த்திராத நோயை அவர்கள் படித்து வைத்திருந்தார்கள்.

ஆனால் மலேசியப் பாடத்தை மட்டும் படித்திருந்தால் கோழிக்கோட்டில் அது போதாது. அங்கே நோய் பன்றி வழியாக வரவில்லை. 2001 முதல் வங்காளதேசத்தில் வந்த நிப்பா, வௌவால் வாய் வைத்த ஈச்சங்கள் வழியாகப் பரவியது. ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்கும் தொற்றியது. நம் நாட்டில் பார்த்தது ஒன்று, அங்கே பார்த்தது இன்னொன்று. கோழிக்கோட்டிலும் நோய் மருத்துவமனைக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போனது. நோய் இன்னதென்று தெரிவதற்கு முன் அந்தக் குடும்பத்தைப் பராமரித்த தாதி லினி புதுச்சேரி அதே நோயில் இறந்தார். இரண்டு சிறு பிள்ளைகளின் தாய். ஒரே நோயைப் பற்றிய பாடம்கூட இருபது ஆண்டுகளுக்குள் இவ்வளவு மாறிவிட்டது. அக்காவின் மேசையில் ஓடும் பாடங்களில் கையுறை, முகக்கவசம், தனியறை என்று திரும்பத் திரும்ப வருவது ஏன் என்று லினியை நினைத்தால் புரியும்.

பரிசோதனைக் கூடத்துக்கும் இது பொருந்தும். சரவாக்கின் காப்பிட்டில் மலேரியா நோயாளிகளின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்து, அதிகம் ஆபத்தில்லாத ஒரு வகை என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் பல்பீர் சிங்கின் குழு மரபணுச் சோதனை செய்து 2004இல் முடிவை வெளியிட்டது. பார்த்த 208 பேரில் 120 பேருக்கு இருந்தது குரங்குகளிடமிருந்து வரும் நோலெசி மலேரியா. நுண்ணோக்கியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். ஆனால் பழைய வகை பெருக மூன்று நாள் ஆகும். நோலெசி ஒரே நாளில் பெருகும், கவனிக்காவிட்டால் உயிரையும் எடுக்கும். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் 2018 முதல் இல்லை என்ற நிலைக்கு மலேசியா வந்துவிட்டது. குரங்கு மலேரியா மட்டும் இன்னும் இருக்கிறது. பழைய பாடத்தோடு நின்றுவிட்ட ஒருவர் அந்தக் கண்ணாடித் தகட்டைப் பார்த்தால் இன்றும் பழைய பெயரைத்தான் எழுதுவார்.

சில மாதங்களுக்கு முன் என் காலை நிகழ்ச்சிக்கு ஒரு நேயர் அழைத்தார். மகனுக்குக் காய்ச்சல் என்று கிளினிக்குப் போயிருக்கிறார். இளம் மருத்துவர் பையனைப் பார்த்துவிட்டு, இவர் முன்னாலேயே கைப்பேசியில் எதையோ தேடிப் படித்தாராம். பிறகு, "கடந்த இரண்டு வாரத்தில் அருவி, ஆறு எங்கேயாவது குளித்தீர்களா?" என்று கேட்டாராம். "டாக்டருக்கே தெரியலன்னா நாங்க எதுக்குப் பணம் கட்டுறோம்?" என்று நேயருக்குக் கோபம்.

அன்று மாலை அக்காவிடம் சொன்னேன். "அந்தக் கிளினிக் எங்க இருக்கு? நானே போறேன்" என்றார். எலிச்சிறுநீர் நோய் ஆற்றுத் தண்ணீரில் தொற்றி ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலாக வரும். முதல் சில நாள் டிங்கி போலவே இருக்கும். அருவியைப் பற்றிக் கேட்கத் தோன்றிய மருத்துவர் அதைப் படித்திருக்கிறார். கைப்பேசியில் பார்த்ததும் சரிதான். சுகாதார அமைச்சு வெளியிடும் சிகிச்சை வழிகாட்டிகளை இப்போது அதில்தான் வைத்திருக்கிறார்கள். அவை அவ்வப்போது திருத்தப்படுகின்றன. பத்து ஆண்டுகளுக்கு முன் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கும் மருத்துவரைவிட, ஒரு நிமிடம் எடுத்துச் சரிபார்ப்பவரிடம் என் பிள்ளையை நம்பி விடுவேன்.

அக்காவுக்கு ஒரு குறை உண்டு. பாடம் கட்டாயம், ஆனால் அதற்கு நேரம் கட்டாயமில்லை. பெரும்பாலான தாதியர் தங்கள் ஓய்வு நாளிலோ இரவு வேலை முடிந்த காலையிலோதான் படிக்கிறார்கள். தனியாகக் கிளினிக் நடத்தும் மருத்துவர் ஒருநாள் கருத்தரங்குக்குப் போனால் அன்றைக்குக் கடையைச் சாத்த வேண்டும். வேலை நேரத்திலேயே மாதம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் பின்வரிசைத் தூக்கம் பாதி குறையும் என்கிறார் அக்கா. பத்து மணி நேரம் நின்றுவிட்டு வருபவர் பாதித் தூக்கத்தில் கேட்கும் பாடம் நோயாளியின் படுக்கை வரை போய்ச் சேருமா?

நம் பங்கும் இதில் இருக்கிறது. மருத்துவர் எவ்வளவு படித்திருந்தாலும் நாம் சொல்லாததை அவரால் கண்டுபிடிக்க முடியாது. காய்ச்சலோடு போகும்போது நாம் "ரெண்டு நாளா காய்ச்சல், டாக்டர்" என்பதோடு நிறுத்திவிடுகிறோம். என்ன வேலை செய்கிறீர்கள், அண்மையில் எந்த ஊருக்கோ நாட்டுக்கோ போய் வந்தீர்கள், காட்டுக்கோ அருவிக்கோ போனீர்களா, வீட்டில் கோழி, பறவை, எலித்தொல்லை உண்டா, வீட்டிலோ வேலையிடத்திலோ வேறு யாருக்கும் இதே காய்ச்சலா என்ற ஐந்து விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. மருத்துவர் கேட்டால் விவரமாகப் பதில் சொல்லுங்கள். கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.