ஹட்சன் மலைத் தடங்கள் – 4: கடைசி ஆளின் வேகம்

ஹாரிமன் ஸ்டேட் பார்க்குக்கு எல்லோருமாகச் சேர்ந்து போகலாம் என்று எங்கள் நியூ ஜெர்சி வாட்ஸ்அப் குழுவில் பேச்சு எழுந்ததுமே, "எந்த மலை?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். "முதலில் யார் யார் வர்றீங்கன்னு சொல்லுங்க" என்றேன். பெயர்கள் வந்தன. மாரத்தான் ஓடுகிற இளைஞர் ஒருவர், ஏழு வயதுச் சிறுமி, திண்டுக்கல்லிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த எழுபதை நெருங்கும் பெரியவர், இடையில் எல்லா வயதினரும். அந்தப் பெரியவரையும் சிறுமியையும் மனதில் வைத்துக்கொண்டுதான் வரைபடத்தை விரித்தேன்.

ஹாரிமனில் 200 மைலுக்கு மேல் நடைத்தடங்கள் இருக்கின்றன, முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. நான் தேர்ந்தது ஆர்டன் பக்கத்து எல்க் பென் வாகன நிறுத்தத்தில் தொடங்கி, ஐலண்ட் பாண்ட் என்ற குளத்தைத் தொட்டு, 'லெமன் ஸ்க்வீசர்' பாறை இடுக்குவரை போய், அதே வழியில் திரும்பும் நடை. போக வரச் சுமார் 5 மைல். வேறொரு தடத்தில் வட்டமடித்துத் திரும்பலாம், காட்சியும் மாறும். ஆனால் வட்டப் பாதையில் பாதி வழியில் முட்டி வலித்தாலும் முழுதும் நடந்தே தீர வேண்டும். போன வழியே திரும்பினால், களைத்தவர் துணைக்கு ஒருவரோடு குளக்கரையில் உட்கார்ந்துகொள்ளலாம், மற்றவர்கள் வரும்போது சேர்ந்துகொள்ளலாம். உடல்நிலை தெரியாதவர்களை அழைத்துப் போகும்போது இந்த வசதி அழகைவிட முக்கியம்.

நேரக் கணக்குக்கு ஸ்காட்லாந்துக்காரர் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 3 மைலுக்கு ஒரு மணி நேரம், 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அந்தக் கணக்கில் எங்கள் நடை இரண்டு மணி நேரத்தைக் கொஞ்சம்தான் தாண்டும். நான் ஐந்து மணி நேரம் ஒதுக்கினேன். நெய்ஸ்மித்தின் விதியில் புளியோதரைக்கும், ஷூ லேஸ் அவிழும் குழந்தைக்கும் இடமில்லை. எங்கே இருந்தாலும் பகல் ஒன்றரைக்குத் திரும்பிவிடுவது என்பதை முந்தின இரவே எல்லோருக்கும் எழுதி அனுப்பினேன். அக்டோபரில் ஆறேகாலுக்குப் பொழுது சாயும் என்றாலும் மலை மடிப்புக்குள் இருட்டு முன்னதாகவே வந்துவிடும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பிடிப்புள்ள ஷூ, வெளிர் நிற பேண்ட். வழியில் கழிவறை கிடையாது, கேஸ் ஸ்டேஷனிலேயே முடித்துக்கொள்ளவும் என்பதையும் சேர்த்தேன். போன் சிக்னல் பல இடங்களில் எடுக்காது என்பதால் காகித வரைபடம் இரண்டு பேரிடம்.

காலையில் வரிசை வகுத்தோம். முன்னால் தடம் தெரிந்த ஒருவர். கடைசியில் அந்த மாரத்தான் இளைஞர், யாரும் அவருக்குப் பின்னால் போகக் கூடாது. வேகமானவரை முன்னால் விட்டால் கூட்டம் அறுந்துபோகும், பின்னால் நிறுத்தினால் அவர் பலம் எல்லோருக்கும் பயன்படும். முதல் ஏற்றத்திலேயே பெரியவர் ஒதுங்கி நின்று, "தம்பி, எனக்காக யாரும் மெதுவாப் போக வேணாம்" என்றார். "அப்பா, இன்னைக்கு உங்க வேகம்தான் எங்க எல்லாருக்கும். உங்க ஊர்ச் சிறுமலை ஏறின காலு, நீங்க நடங்க" என்றார் அந்த இளைஞர். பெரியவர் அதற்குப் பிறகு நிற்கவில்லை.

நாங்கள் நடந்த தடம் அப்பலாச்சியன் டிரெயிலின் ஒரு துண்டு. ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 14 மாநிலங்களைக் கடந்து ஓடும் நெடுந்தடத்தில், அதற்கென்றே வெட்டி முதன்முதலில் திறந்த பகுதி பேர் மவுண்டனிலிருந்து ஆர்டன் வரையிலான இந்தத் தூரம்தான். ஆண்டு 1923. அதற்கு முன், பேர் மவுண்டனில் சிறைச்சாலை கட்ட அரசு வேலையைத் தொடங்கியிருந்தது. ரயில்வே அதிபர் ஹாரிமனின் மனைவி மேரி, சிறையைக் கைவிட்டுப் பூங்கா அமைப்பதானால் தருகிறேன் என்று 10,000 ஏக்கர் நிலமும் பத்து லட்சம் டாலரும் 1910-இல் கொடுத்தார். எங்கள் கார்கள் நின்ற எல்க் பென்னும் சும்மா வந்த பெயரில்லை. யெல்லோஸ்டோனிலிருந்து கொண்டுவந்த எல்க் மான்களை அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். அவை இந்த மண்ணில் தழைக்கவில்லை.

இலையுதிர் காலத்தில் தடமே தெரியாது. ஓக், மேப்பிள் சருகுகள் கணுக்கால்வரை மூடிவிடுகின்றன. மரங்களில் பூசிய 2 அங்குல அகலம், 6 அங்குல உயரமுள்ள வெள்ளைப் பட்டைகள்தான் வழிகாட்டி. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பட்டை இருந்தால் திருப்பம். மேல்பட்டை எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். இதைச் சிறுமிக்குச் சொல்லிக்கொடுத்து அவளிடமே பொறுப்பை ஒப்படைத்தோம். "டபுள்! வலது பக்கம்!" என்று அவள் கூவியபோதெல்லாம் வரிசை திரும்பியது. இந்தப் பட்டைகளைப் பூசுவதும் விழுந்த மரங்களை அறுத்து அகற்றுவதும் 1920-இல் தொடங்கிய நியூயார்க்–நியூ ஜெர்சி டிரெயில் கான்பரன்ஸின் தொண்டர்கள். சம்பளமில்லாத வேலை. வாய்க்கும்போது நாமும் ஒரு நாள் அந்த வேலைக்குப் போக வேண்டும் என்று குழுவில் சொன்னேன். நான்கு பேர் கை தூக்கினார்கள்.

ஐலண்ட் பாண்டின் வடிகாலில், செதுக்கிய கற்களால் கட்டிய மதகு போன்ற ஒரு வாய்க்கால் இருக்கிறது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வேலையில்லா இளைஞர்களைக் கொண்டு, குளத்தைப் பெரிதாக்க அரசு தொடங்கிய பணி. முடிக்கப்படவேயில்லை, குளம் இயற்கையாகவே தங்கிவிட்டது. பெரியவர் அந்தக் கல்லில் கைவைத்து இணைப்புகளைத் தடவிப் பார்த்தார். "நல்ல கொத்து" என்றார்.

லெமன் ஸ்க்வீசரில் இரண்டு பாறைச் சுவர்கள் சாய்ந்து நெருங்கி நிற்கின்றன. முதுகுப்பையோடு நுழைய முடியாது. பைகளைக் கழற்றிக் கைமாற்றினோம். ஒருக்களித்து, மூச்சை இழுத்துப் பிடித்து, தோளால் ஒரு பாறையையும் உள்ளங்கையால் மறு பாறையையும் அழுத்திக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர வேண்டும். அதைத் தாண்டியதும் ஆள் உயரப் பாறைப் படி ஒன்று. பக்கத்திலேயே 'எளிய வழி' என்று அம்புக்குறியோடு ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். எளிய வழியில் போகிறவர்கள் முதலில் கிளம்பி மேலே காத்திருக்கட்டும் என்று அனுப்பினேன். பெரியவர் மேலிருந்து கை நீட்டி, இடுக்கில் வந்தவர்களின் பைகளை வாங்கி வைத்தார். சோறு அங்கேதான். வாழைப்பழத் தோல்கூட பையில் திரும்பியது.

போன வழியே திரும்பிக் கார்களை அடைந்ததும் தலை எண்ணினோம். அதன் பிறகு உண்ணிச் சோதனை: மான் உண்ணி எள்ளளவுதான் இருக்கும், லைம் நோயைப் பரப்பும். வளர்ந்த உண்ணிகள் அக்டோபரிலும் சுறுசுறுப்பாக அலையும். முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள், காது மடலின் பின்பக்கம் எல்லாம் பார்க்க வேண்டும். கடித்துக்கொண்டிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். எண்ணெய், நெருப்பு எதுவும் கூடாது. ஒரு பேண்டின் மடிப்பில் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது, எடுத்துவிட்டோம். வீட்டுக்குப் போனதும் துணிகளை உயர் சூட்டில் டிரையரில் போடச் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த பகுதியில் இதே வெள்ளைப் பட்டைகளைத் தொடர்ந்து கிழக்கே, ஃபிங்கர்போர்டு மலையின் கல் குடில் வழியாக டியோராட்டி ஏரியை நோக்கி.

(தொடரும்)