புதுச்சத்திரத்தருகே ஒரு சனிக்கிழமை இரவு

சத்திரம் என்னும் சொல்லை இக்காலப் பிள்ளைகள் ஊர்ப் பெயர்களில் மட்டுமே காண்கின்றனர். மக்கள் கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் பயணம் செய்த நாளில், வழிப்போக்கர் இரவைக் கழிக்க எழுப்பப்பட்ட தருமக் கட்டடமே சத்திரம். சாலையோரங்களில் தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கற்களும் நின்றன. பிள்ளைப்பேறு காணாமல் நிறைசூலியாய் இறந்த பெண்ணின் நினைவாக அக்கல்லை நாட்டுவது நம் முன்னோர் வழக்கம். சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில், ஆண்டகளூர்க் கேட்டைக் கடந்தபின் வரும் புதுச்சத்திரமும் அத்தகைய பெயர் தாங்கிய ஊரே. முன்பு ஏழாம் எண் என்று வழங்கிய அச்சாலை இப்போது 44ஆம் எண். ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரி வரை சுமார் 3,700 கி.மீ. நீள்கிறது. அதில் விரையும் வாகனங்கள் புதுச்சத்திரத்தை ஓர் ஊரென்று எண்ணி வேகத்தைக் குறைப்பதில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு அவ்வூரருகே நாம் சாலையோரத்தில் அமர்ந்திருக்க நேர்ந்தது.

நம் பங்கின் ஜீப்பு வயது முதிர்ந்தது. கிளைக் கிராமங்களுக்குத் திருப்பலி நிறைவேற்றச் செல்வதும், நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு போவதும், சில வேளை அந்நோயாளிகளையே மருத்துவமனையில் சேர்ப்பதும் அதைக் கொண்டுதான். அதன் கியர் பாக்ஸும் பின் ஆக்சிலும் ஓய்ந்துவிட்டன. புதியவை வாங்கப் பங்கின் கையிருப்பு இடந்தரவில்லை. எனவே சேலத்தில் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடி வாங்கி, பங்கு இளைஞர் ஒருவர் ஓட்டும் வாடகைச் சிறு லாரியில் ஏற்றிக்கொண்டு பிற்பகலில் புறப்பட்டோம். மல்லூரைத் தாண்டியதும் பேன் பெல்ட் அறுந்தது; ரேடியேட்டர் கொதித்தது. வேறு பெல்ட் வாங்கி வந்து மாட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அதன்பின் புதுச்சத்திரம் வரை தொல்லையில்லை. அங்கே ‘மடார்’ என்றொரு ஓசை கேட்டது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பின்பக்க வில்லின் மெயின் பட்டை ஒடிந்து, டயர் மட்கார்டில் உராய்ந்துகொண்டிருந்தது.

கார்கள் பறந்தன. கை காட்டினோம், விளக்கொளியில் நம் வெள்ளை அங்கி நன்றாகவே தெரிந்திருக்கும். நல்ல சமாரியர் உவமையில் குருவானவர் விலகிப் போகிறார். இங்கே குருவானவர் சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தார். ஆயினும் இருட்டில் முன்பின் அறியாதோருக்கு வண்டியை நிறுத்த அஞ்சுவோரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

ஒன்பதரை மணியளவில் ஒரு காலி லாரி நின்றது. ஓட்டுநருக்கு நாற்பது வயதிருக்கலாம். முன்கண்ணாடிக்கு மேல் நாமக்கல் ஆஞ்சநேயர் படம். வடக்கே முப்பத்தெட்டு நாள் ஓடி, சேலத்தில் லோடை இறக்கிவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார். அவர் ஊருக்குப் பிரியும் சாலை அரை மைல் தொலைவிலேயே இருந்தது. டார்ச்சு அடித்துப் பார்த்தவர், “பயப்படாதீங்க சாமி, கட்டை குடுத்து ஓட்டிரலாம். ஆனா இந்தப் பாரத்தோட போக முடியாதுங்க” என்றார். பின்னர் அவரும் கிளீனரும் நம் இளைஞருமாக, ஆக்சிலையும் கியர் பாக்ஸையும் இறக்கித் தம் லாரியில் ஏற்றினார்கள். ஜாக்கி வைத்துத் தூக்கி, ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் இடையே மரக்கட்டையைச் செருகிச் சங்கிலியால் கட்டினார்கள்.

இதற்கிடையே அவருடைய கைப்பேசி நான்கு முறை ஒலித்தது. அவருடைய மகள். “வந்துட்டேன் கண்ணு, நீ சாப்பிட்டுத் தூங்கு” என்று ஒவ்வொரு முறையும் அதையே சொன்னார். வேலை முடிந்தபின் தம் ஊர்ச் சாலையைக் கடந்து, நாமக்கல்லில் தமக்குத் தெரிந்த வில்லுப் பட்டறை வரை நம் பொருளைக் கொண்டுவந்து இறக்கினார். பணம் நீட்டியபோது வாங்கவில்லை. நாக்பூருக்கு அப்பால் இரண்டு நாள் ஆக்சில் உடைந்து கிடந்தபோது ஒரு சர்தார்ஜி ரொட்டி கொடுத்தாராம். “அவருகிட்ட நான் எங்கீங்க போய்த் திருப்பித் தரது?” என்று கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார். மணி அப்போது பன்னிரண்டு. அந்தச் சிறுமி விழித்திருந்தாளா என்பது நமக்குத் தெரியாது.

மறுநாளும் அலைச்சல் தீரவில்லை. காலைத் திருப்பலி முடித்துக் கிளைக் கிராமத்துக்கு அதே வண்டியில் செல்கையில், முன்னிரவு உராய்ந்திருந்த டயர் வெடித்தது. உபதேசியாரின் மொபெட்டில் ஏறி ஒன்றரை மணி நேரம் தாமதமாய்ப் போய்ச் சேர்ந்தோம். மக்கள் கலையாமல் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிற்பகலில் நாமக்கல் பட்டறையில் இருந்தோம். அங்கே வெறும் சேசிஸாக வந்து நிற்கும் வண்டிக்குத் தச்சரும் கொல்லரும் வெல்டரும் பெயின்டரும் சேர்ந்து பாடி கட்டுகிறார்கள். தென்னகத்துக்கு எரிவாயு சுமக்கும் டேங்கர்களுள் பெரும்பகுதி நாமக்கல்லைச் சேர்ந்தவை. இந்தியாவெங்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக்கு வண்டிகளுக்குத் திருச்செங்கோடு பெயர் பெற்றது.  1997இல் சேலத்திலிருந்து பிரிந்த இச்சிறு மாவட்டம் நாட்டின் சுமையைத் தூக்குகிறது என்றால் மிகையாகாது.

பட்டறைப் பெரியவர், ஞாயிறாயிருந்தும் ஓட்டுநர் சொல்லியனுப்பியதற்காகக் கடை திறந்திருந்தார். ஒடிந்த பட்டையை நம் கையில் கொடுத்து, ஒடிந்த முகத்தைப் பார்க்கச் சொன்னார். முக்கால் பாகம் துருவேறிக் கறுத்திருந்தது. எஞ்சிய கால் பாகம் வெள்ளிபோல் பளபளத்தது. “இது நேத்து ஒடிஞ்சதில்லீங்க சாமி. ரொம்ப நாளா விரிசல் விட்டு, மிச்சமிருந்ததுதான் நேத்து போயிருக்கு” என்றார். இரும்பு அப்படித்தான் களைக்கிறதாம். ஒரே அடியில் அன்று. இலட்சம் சிறு குலுக்கல்களில். புதுப் பட்டைக்கு அவர் உலையில் வளைவு கொடுத்து எண்ணெயில் தோய்ப்பதைப் பார்த்தபடி, நம்மிடம் வந்த குடும்ப வழக்குகளை எண்ணினோம். நேற்று ஒடிந்ததாகச் சொல்லித்தான் எல்லாரும் வருகிறார்கள். கறுத்த பாகத்தை யாரும் காட்டுவதில்லை.

நம் பங்கில் லாரித் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் பல. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலையை வரையறுத்தது. நெடுந்தூர ஓட்டுநரிடம் அதைச் சொன்னால் சிரிப்பார். மாதத்தில் நான்கைந்து நாள் வீட்டிலிருப்பதே பெரிது. தந்தை வரும்வரை குழந்தையின் ஞானஸ்நானம் தள்ளிப் போகிறது; புதுநன்மைப் படத்தில் தந்தை இருப்பதில்லை. ‘ஞாயிறு பூசைக்கு வராதவர்’ என்று அவர்களை ஒதுக்கிப் பேசுவோரும் நம்மிடையே உண்டு.

அவர்களுக்கு ஒன்று சொல்வோம். தக்க காரணமிருந்தால், தனிப்பட்டோருக்கு ஞாயிறு கடமையிலிருந்து விலக்களிக்கவும், அதை வேறொரு பக்திச் செயலாக மாற்றித் தரவும் பங்குக் குருவுக்குத் திருச்சபைச் சட்டம் 1245 அதிகாரம் தருகிறது. 2007 ஜூனில் வத்திக்கானிலிருந்து வெளியான சாலை மேய்ப்புப் பணி வழிகாட்டியும் லாரி ஓட்டுநரையும் அவர்தம் குடும்பத்தையும் தேடிச் செல்லும்படி நம்மைப் பணிக்கிறது. லாரிக்குள் புனித கிறிஸ்தோபர் படத்தை மந்திரித்து ஒட்டிக் கொடுப்பதோடு நம் கடமை தீர்ந்துவிடுமா?

ஆதலின் சென்ற மாதம் பங்குப் பேரவையில் பேசி ஓர் ஏற்பாடு செய்துள்ளோம். ஓட்டுநர் எவரும் எந்தக் கிழமை வீடு திரும்பினாலும், வீட்டார் அன்றே நமக்குச் சொல்லியனுப்ப வேண்டும். நேரம் எதுவானாலும் கோவில் திறக்கப்படும். பாவசங்கீர்த்தனம், திருப்பலி, குழந்தைக்கு ஞானஸ்நானம், வீடு மந்திரித்தல் எதுவாயினும் அவர் மறுபடி வண்டியேறுமுன் நடைபெறும். ஞானஸ்நானத்துக்கு ஞாயிறு விரும்பத்தக்கதெனினும் எந்நாளும் கொடுக்கலாம் என்பதும் சட்டமே.

இதுவரை மூன்று குடும்பங்கள் சொல்லியனுப்பியுள்ளன. முதலாவது ஒரு புதன்கிழமை. எட்டு மாதமாகத் தந்தைக்காகக் காத்திருந்த பெண்குழந்தைக்கு இரவு ஒன்பது மணிக்கு ஞானஸ்நானம் கொடுத்தோம். தண்ணீர் ஊற்றியதும் வீறிட்டழுத குழந்தையை அவர்தாம் தோளில் போட்டுத் தட்டினார். பதினொரு மணிக்கு அவருக்கு லோடு ஏற்ற வேண்டியிருந்தது. சட்டையின் ஈரம் காயாமலேயே கிளம்பினார்.