இடிந்தது இடிந்தபடியே இருக்கும் ஊர்

பிரான்சின் லிமோஜ் நகரிலிருந்து பஸ்ஸில் சுமார் 20 கி.மீ. போனால் ஒராதூர்-சுர்-க்ளான். இங்கே ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்றில் கடை, பள்ளி, வீடு எல்லாம் இருக்கின்றன. பக்கத்தில் இருக்கும் இன்னொன்றில் கூரையில்லாத சுவர்கள் மட்டுமே. அதன் வாசலில் இருக்கும் பலகை, 'நினைவில் கொள்' என்கிறது.

உள்ளே நடந்தால் தெருவின் நடுவே டிராம் தண்டவாளம், துருப்பிடித்த கார்கள். வீட்டுக்கு வீடு தையல் மெஷின்கள் கிடக்கின்றன. மரமும் துணியும் எரிந்துபோக, இரும்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

1944 ஜூன் 10, சனிக்கிழமை. ஹிட்லரின் எஸ்.எஸ். படையினர் ஊரை வளைத்தார்கள். ஆண்களைக் களஞ்சியங்களில் அடைத்துச் சுட்டார்கள். பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்தில் அடைத்துக் கொன்று, தீ வைத்தார்கள். இறந்தவர்கள் 643 பேர். தேவாலயத்தில் இருந்து உயிரோடு வெளியேறியவர் ஒரே ஒரு பெண். ஜன்னல் வழியே குதித்துத் தப்பினார். அன்று பள்ளிக்கு வந்த பிள்ளைகளில் பிழைத்தது ஒரே ஒரு சிறுவன். தீயில் உருகிய தேவாலய மணியை இன்றும் அங்கே பார்க்கலாம்.

போர் முடிந்ததும் இடிபாடுகளை அகற்றி, அதே இடத்தில் புது ஊர் கட்டியிருக்கலாம். டி கோல் தலைமையிலான அரசு வேறு முடிவெடுத்தது. பழைய ஊர் அப்படியே இருக்கட்டும், புதியது பக்கத்தில் வரட்டும்!

ஊர் மக்களுக்கு நீதி முழுசாகக் கிடைக்கவில்லை. 1953-ல் போர்தோ நகரில் நடந்த வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களில், அல்சாஸ் பகுதியிலிருந்து கட்டாயப்படுத்திப் படையில் சேர்க்கப்பட்ட 13 பேருக்கு, சில நாட்களிலேயே பிரெஞ்சு நாடாளுமன்றம் மன்னிப்பு வழங்கியது. கொதித்துப்போன ஊர், அரசு கொடுத்த விருதைத் திருப்பி அனுப்பியது. பல வருடங்கள் அரசுப் பிரதிநிதிகளை நினைவு நாளுக்கு வர விடவில்லை. 2013-ல் ஜெர்மன் அதிபர் யோவாகிம் காவுக் வந்து, தேவாலயத்துக்குள் பிரெஞ்சு அதிபருடன் கைகோத்து நின்றார்.

அன்றைக்குத் தப்பிப் பிழைத்தவர்களில் கடைசியாக இருந்த ராபர்ட் எப்ராஸ் 2023-ல் காலமானார். இனி நடந்ததைச் சொல்ல அந்தச் சுவர்கள்தான் சாட்சி. அவையும் மழையிலும் பனியிலும் கரைகின்றன. அவற்றைப் புதுசாக்கவும் கூடாது, விழவும் விடக்கூடாது. இந்தப் பராமரிப்புக்கு முடிவே இல்லை.

இடிபாடுகளைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. 1999-ல் திறந்த நினைவு மையத்தின் வழியே உள்ளே போகலாம். அங்கே எல்லோரும் பேச்சைக் குறைத்துக்கொண்டுதான் நடக்கிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள், என்ன நடந்த இடம் என்பதை பஸ்ஸிலேயே பக்குவமாகச் சொல்லி அழைத்துப் போவது நல்லது.