விடைத்தாள்களுக்கு அடியில்
நம் நாவலின் கையெழுத்துப்படி பல்லாண்டுகளாக விடைத்தாள் கட்டுகளுக்கு அடியில் கிடக்கிறது. பணி விடுவதில்லை என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிவந்தோம். அமெரிக்கரான ஜோர்டான் மெக்னரின் நாட்குறிப்புகளைப் படித்தபோது அது குலைந்தது.

தம்பி ஓடுவதையும் தாவுவதையும் வீடியோவில் பதிந்து, அவ்வசைவுகளைச் சட்டகம் சட்டகமாக வரைந்து, 1989இல் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ என்னும் கணினி விளையாட்டை உருவாக்கியவர் அவர். விளையாட்டை முடிப்பதா, திரைக்கதை எழுதுவதா என்ற தத்தளிப்பு அந்நாட்குறிப்புகளெங்கும் உண்டு. ஆயினும் இரண்டையும் அவர் கைவிடவில்லை. 2010இல் அவ்விளையாட்டு வரிசை திரைப்படமாயிற்று. திரைக்கதையாக்கத்தில் அவருக்கும் பங்குண்டு. அறுபதை நெருங்குகையில், 2023இல், தம் குடும்பத்தின் கதையைத் தாமே வரைந்து சித்திர நூலாக்கினார்.

நேற்றிரவு கட்டுகளை நகர்த்தினோம். முதல் பக்கத்தில் மை மங்கியிருந்தது. இரண்டாம் வாக்கியத்தை அடித்துவிட்டு எழுதத் தொடங்கினோம். விடைத்தாள்கள் காலைவரை காத்திருந்தன.