22 எரர்

ஹெச்.பி. லேசர்ஜெட் 3 பிரிண்டரின் சின்னத் திரையில் ‘20 எரர்’ என்று வந்தால் மெமரி போதவில்லை. ‘22 எரர்’ என்று வந்தால் மெமரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிரிண்டர் ‘போதும், நிறுத்து’ என்று சொல்வதைக் கம்ப்யூட்டர் கவனிக்கவில்லை, கேபிளிலோ போர்ட் செட்டிங்கிலோ கோளாறு. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். தெரிந்தே, 22 என்று வந்து நின்றவர்களுக்கு 20-க்கான பதிலைச் சொல்லி அனுப்பினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்தேன். சன் 3/60 ஒர்க்ஸ்டேஷனின் சீரியல் போர்ட்டில் அந்த பிரிண்டரை இணைத்தவன் நான். ரெடிமேட் கேபிள் வாங்கலாம் என்றார் துறைத்தலைவர். வீண் செலவு சார், நானே செய்துவிடுகிறேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். 25 பின் கனெக்டரில் 2, 3, 7 என்று மூன்றே வயர்: அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, கிரவுண்ட் ஒன்று. டெர்மினல்களுக்கு அப்படித்தான் செய்து பழகியிருந்தேன்.

கடிதம், கட்டுரை எல்லாம் அழகாக வந்தன. 9600 பாட் வேகத்தில் நொடிக்கு 960 எழுத்து போகும். ஒரு பக்க உரைக்கு மூன்று நான்கு நொடி போதும். படம் அப்படியல்ல. 300 டிபிஐ-யில் அரைப் பக்கப் படம் என்றால் ஐந்து லட்சம் பைட்டுக்கு மேல், ஒன்பது நிமிடத்துக்குக் குறையாமல் ஓடும். பல படங்களை வரிசையாக அனுப்பினால், பிரிண்டர் ஒன்றை அச்சிட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்து குவியும். அப்போது பிரிண்டர் இரண்டு வழியில் தடுக்கும். 20-ஆம் பின்னில் உள்ள டிடிஆர் சிக்னலை இறக்கும்; கூடவே எக்ஸ்ஆஃப் என்ற எழுத்தையும் அனுப்பும். முதல் வழிக்கு நான் வயரே போடவில்லை. படங்களின் 8 பிட் டேட்டா சிதையாமல் போகவேண்டும் என்று பிரிண்ட்கேப் கோப்பில் போர்ட்டை ரா மோடில் வைத்திருந்தேன்; ரா மோடில் யூனிக்ஸ் எக்ஸ்ஆஃபைக் கண்டுகொள்ளாது. இரண்டு வழியையும் அடைத்தது என் கைதான்.

இதை மேனுவலைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகும் வாய் திறக்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. தெரியாமல் செய்த பிழைக்கு மன்னிப்பு உண்டு. கேபிளைக் கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள், அன்று பெருமையாகப் பேசியது நினைவுக்கு வரும். அந்த பயம்.

முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த பெண் ஒருவர், உலோகத் தகட்டில் அழுத்தம் பரவுவதைக் காட்டும் கான்டூர் படங்களை அச்சிட வருவார். பாதிப் படத்தோடு பேப்பர் வெளியே வரும். மீதி வெறும் குப்பை எழுத்துகள்.

“சார், 22 எரர்னு வருது. என் புரோகிராம்ல ஏதாவது தப்பா?”

“மெமரி பத்தலைம்மா. ரெசல்யூஷனைக் குறைச்சுப் பாருங்க.”

ஒரு எம்பி மெமரிதான் அதில் இருந்தது. கேட்பவர் நம்பக்கூடிய பொய். அவர் நம்பினார். புரோகிராமைத் திருத்தித் திருத்தி எழுதினார். கடைசியில் எல்லாப் படங்களையும் 75 டிபிஐ-க்குக் குறைத்தார். டேட்டா பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கியது, எரர் வரவில்லை. வளைந்து ஓடவேண்டிய கோடுகள் படிப்படியாக உடைந்து நின்றன. நெருங்கிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தகட்டின் துளையைச் சுற்றி அழுத்தம் ஏறும் இடம்தான் அவர் ஆய்வின் உயிர். அந்த இடம் கறுப்புத் திட்டாக வந்தது. அப்படியே பைண்டிங்குக்குப் போனது.

ஆள் இல்லாத ஒரு விடுமுறை நாளில் பிரிண்டரின் 20-ஆம் பின்னிலிருந்து ஒர்க்ஸ்டேஷனின் 5-ஆம் பின்னுக்கு, சிடிஎஸ்-க்கு, ஒரு வயரைப் பற்றவைத்தேன். அந்த சிக்னலைக் கவனிக்கச் சொல்லி பிரிண்ட்கேப்பில் ஒரு வரி மாற்றினேன். அவ்வளவுதான் வேலை. 300 டிபிஐ படம் முழுதாக வந்தது. பிரிண்டரை சர்வீஸ் செய்தாயிற்று என்று மறுநாள் அறிவித்தேன். அது அடுத்த பொய்.

அவருடைய வாய்மொழித் தேர்வில் நானும் பின்வரிசையில் இருந்தேன். கோடுகள் ஏன் இப்படி இருக்கின்றன என்று தேர்வாளர் கேட்டார். “பிரிண்டர்ல மெமரி பத்தலை சார்” என்றார், நான் சொன்னதை அப்படியே. நான் எழுந்திருக்கவில்லை.

பட்டம் கிடைத்துவிட்டது என்று இத்தனை காலம் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்த ஆய்வேட்டின் படங்கள் இன்னும் அப்படியேதான் நூலக அலமாரியில் இருக்கின்றன. இந்தக் கட்டுரையின் பிரதியை அவருக்கு அனுப்பிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்கிறேன்.